கேடு தரும் களைகளிலிருந்து எரிபொருள்

திருச்சிராப்பள்ளி ஜில்லா திருவெறும்பூர் வட்டாரத்து நன்செய்களுக்கு உய்யக்கொண்டான் வாய்க்கால் முக்கிய ஆதாரங்களில் ஒன்றாகும். பேட்டைவாய்த்தலையில் காவிரியினின்று பிரியும் இவ்வாய்க்கால், நகரைக் கடந்து கிழக்கே சென்று வாழவந்தான்கோட்டை ஏரியில் முடிவுறுகின்றது. இதில் ஆகாயத் தாமரை மண்டினால் நீரோட்டம் தடைப்பட்டு, கடைமடைக்காரருக்கே முதலில் நஷ்டம் நேருகின்றது. ஏரிக்கரைகளையும் தரிசுகளையுமோ சீமைக் கருவேல் பற்றிக்கொள்ளுகின்றது. இவற்றை அகற்றும் கூலியை எண்ணிக் குடியானவர்கள் தயங்குவதுண்டு. ஆயினும் இவற்றினின்று எரிபொருள் பெறக்கூடுமாதலின், அக்கூலியில் ஒரு பகுதியேனும் திரும்பக் கிடைக்கும்.

ஆகாயத் தாமரையும் எரிவாயுவும்

ஆகாயத் தாமரையின் எடையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. ஆகையால் அதனை வெகுதூரம் வண்டியிலேற்றிச் செல்வது இலாபகரமன்று, அடுப்பிலிடவும் உதவாது. வாய்க்காலுக்கு அருகிலுள்ள சாண எரிவாயுக் கலத்தில் இடுவதே தக்க வழி. நாளொன்றுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலத்திற்குச் சுமார் 50 கிலோ சாணம் வேண்டும். மாடுகள் குறைந்த வீட்டில் அக்குறையை இக்களையால் ஓரளவு ஈடுசெய்யலாம்.

புதிய கலத்தை முதலில் சாணத்தைக்கொண்டே தொடங்குதல் வேண்டும். களையை இரண்டொரு நாள் வாடவிட்டு, மிகப் பொடியாக நறுக்கி, சாணக் கரைசலுடன் சிறிது சிறிதாகக் கூட்டிச் சேர்க்கவேண்டும். நறுக்காமல் இட்டால் நார்கள் மிதந்து ஆடைபோல் படிந்து வாயு வெளிவருவதைத் தடுக்கும். கலத்தினின்று வெளிப்படும் கழிவு நல்ல எருவாகும். ஆனால் இக்களை சாக்கடை நீரிலுள்ள உலோக நஞ்சுகளை உறிஞ்சும் இயல்புடையது. எனவே நகரக் கழிவு கலந்த பகுதியில் எடுத்த களையாயின், எருவைப் பரிசோதித்த பின்னரே காய்கறிப் பயிருக்கு இடுதல் நலம்.

சீமைக் கருவேலும் கரியும்

1870-களில் சென்னை மாகாணத்தின் விறகுப் பஞ்சத்தைப் போக்கும் பொருட்டு ஜமைக்காவினின்று விதை தருவிக்கப்பெற்றுக் கடப்பைப் பகுதியில் பயிரிடப்பட்டது இம்மரம். இதன் விறகு கெட்டியானது, நின்று எரியும். மண்மூட்டத்தில் நான்கைந்து பங்கு விறகிற்கு ஒரு பங்கு கரி கிடைக்கும். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் ஜில்லாக்களில் இக்கரி பலருக்கு ஜீவனம் அளித்து வருகின்றது. கொதிகலன்களிலும் இவ்விறகை எரிக்கலாம். எனினும் நன்கு உலர்ந்திருத்தல் அவசியம். ஈர விறகில் வெப்பத்தின் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதிலேயே வீணாகிவிடும்.

கவனிக்கவேண்டுவது

கரிக்கு விலையுள்ள இடங்களில் மரத்தை வெட்டிக்கொண்டு அடிக்கட்டையை விட்டுவிடுவது வழக்கமாயிற்று. அக்கட்டை மறுபடி பல கிளைகளாகத் தழைத்துச் சில வருஷங்களில் மீண்டும் விறகாகின்றது. அடுத்த வெட்டின் வருமானத்தை எண்ணி மரத்தை வளரவிடுவதால் ஏரியும் தரிசும் மீளுவதேயில்லை. எரிபொருள் என்பது களையை ஒழிக்கும் வேலைக்குக் கிடைக்கும் கூலியேயன்றி, வளர்த்துப் பலன்பெறும் பயிரன்று.

ஆகவே புறம்போக்கிலுள்ள மரங்களை முறைப்படி ஏலம் விடும்போது, வேரோடு அகற்றித் தரவேண்டுமென்னும் நிபந்தனையைக் கிராம அதிகாரிகள் ஏலப் பத்திரத்தில் சேர்க்கச் செய்தல் வேண்டும். வேர் எடுத்த பின்னரே முன்பணத்தைத் திருப்புவது சிறந்தது. தமிழ்நாடு அரசு 2022-ல் வெளியிட்ட அந்நியக் களைத் தாவரங்கள் பற்றிய கொள்கையும், அகற்றுவதுடன் அவ்விடத்தில் நாட்டுத் தாவரங்களை மீட்பதையும் நோக்கமாகக் கொண்டது.

ஆடுமாடுகள் நெற்றுகளைத் தின்று சாணத்தின் வழியே விதையைப் பரப்புமாதலின், நெற்று முதிருமுன் மரத்தை எடுப்பது உத்தமம். மழைக்குப் பின் முளைக்கும் கன்றுகளை இரண்டு மூன்று வருஷம் கையாற் பிடுங்கி, வேம்பு, புங்கம் முதலியவற்றை நட்டுவரவேண்டும். ஆகாயத் தாமரையையும் கரையோரம் குவித்துவைத்தலாகாது. அடுத்த நீர்வரத்தில் அது மீண்டும் வாய்க்காலில் இறங்கிவிடும். எடுத்த களையை அன்றன்றே கலத்திற்கோ எருக்குழிக்கோ சேர்ப்பித்தால், கடைமடை வயல்களுக்கும் நீர் தடையின்றிச் சென்றடையும்.