இடுப்பு இளைத்துத் தெரிய எவ்வளவு இறுக்குவது?

கல்யாணப் பெண்ணுக்குப் புடவை கட்ட வருபவர் முதலில் சொல்வது, "மூச்சை உள்ள இழுங்க." உள்பாவாடை நாடாவைச் சுண்டி முடிச்சுப் போட்ட பிறகுதான் மூச்சு விட அனுமதி. அதன்மேல் ஜரிகைக் கனம், வரிசையாக சேஃப்டி பின், ஒட்டியாணம். பந்தியில் உட்கார்ந்தால் நாலு வாய்க்கு மேல் இறங்காது. கேட்டால், "போட்டோல வயிறு தெரியுமே!"

பிளவுஸும் அப்படித்தான். கையைத் தூக்கினால் அக்குளில் தையல் பிரியும் என்றால், 'ஃபிட்டிங் சூப்பர்' என்று அர்த்தம். இப்போது பாவாடைக்குப் பதில் ஷேப்வேர். இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஒட்டிப் பிடிக்கும். பஸ் படி ஏறும்போதுதான் அதன் அருமை தெரியும். நன்றாக உடுத்தினால் தன்னம்பிக்கை வருகிறது என்கிறார்கள். வரட்டும்.

என் கவலையெல்லாம் அந்த நாடாதான். இரவு புடவையைக் களைந்ததும் இடுப்பைப் பாருங்கள். வரி வரியாகச் சிவந்த தடம். பல வருடம் கட்டியவர்களுக்குக் கறுத்துத் தடித்த வளையம். முடிச்சு விழும் பக்கம் இன்னும் மோசம். கயிற்றின் அழுத்தம், வியர்வை, நடக்க நடக்க உரசல் எல்லாம் தினமும் அதே இடத்தில். தோல் செதில் உதிர்ந்து வெடிக்கும், புண்ணாகும், ஆறும், மறுபடி வெடிக்கும். ஆண்டுக்கணக்கில் இது தொடர்ந்தால் அபூர்வமாகப் புற்றுநோயாக மாறுவதும் உண்டு. இடுப்பில் அப்படிப் புற்று வந்த வயதான பெண்கள் இருவரைப் பற்றி 2024இல் பி.எம்.ஜே. கேஸ் ரிப்போர்ட்ஸ் இதழில் இந்திய மருத்துவர்கள் எழுதினார்கள்.

இது புதுச் செய்தியும் அல்ல. வேட்டி இறுகும் இடத்தில் வரும் புற்றுநோயை நம் மருத்துவர்கள் 1945லேயே பதிவு செய்துவிட்டார்கள். இன்று ஆண்களுக்கு அகல பெல்ட் இருக்கிறது, ஒட்டிக்கொள்ளும் வேட்டியும் வந்துவிட்டது. பெண்ணுக்கு மட்டும் இன்னும் அதே சுண்டுவிரல் அகல நாடா!

நாற்று நடக் குனிகிற பெண், புடவை நழுவக் கூடாதென்று இறுக்குகிறாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஏசி மண்டபத்தில் நிற்கப் போகிறவர்களுக்கு என்ன வந்தது? கொசுவம் நிற்பதற்குத் தேவையானது கொஞ்சப் பிடிப்புதான். மீதி இறுக்கமெல்லாம் பார்ப்பவர் கண்ணுக்காக.

அடுத்த முறை பாவாடை தைக்கக் கொடுக்கும்போது, நாலு விரல் அகலத்துக்குப் பட்டி வைக்கச் சொல்லுங்கள். தினமும் ஒரே இடத்தில் கட்டாமல் முடிச்சைச் சற்று மாற்றிப் போடுங்கள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நாடாவைத் தளர்த்துங்கள். இடுப்புப் புண் இரண்டு மூன்று வாரத்தில் ஆறவில்லையென்றால், கூச்சப்பட்டுக் களிம்பு தடவி மறைக்காமல் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். அம்மாவுக்கும் பாட்டிக்கும் அந்தத் தடம் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.