75 நாள், ஒரு போட்டோ இல்லை: ஜெயலலிதா மரணத்தைப் போடி எப்படி எடுத்துக்கொண்டது

2016 டிசம்பர் 5, திங்கட்கிழமை. முந்தின நாள் சாயந்திரமே மாரடைப்பு என்று செய்தி வந்துவிட்டதால், போடியில் காலையிலிருந்தே யாருக்கும் வேலை ஓடவில்லை. விடியக்காலை ஜீப் ஏறி மலைக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போனவர்கள் எப்படித் திரும்புவார்கள் என்பதுதான் வீட்டில் இருந்தவர்களின் முதல் கவலை. எல்லை தாண்டி இடுக்கிப் பக்கம் போனவர்கள் அவர்கள். வழியில் எங்காவது மறித்தால்? கடைக்காரர்கள் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அது துக்கமா, பயமா? இந்தக் கேள்விதான் என்னை இந்தக் குறிப்புகளை எழுத வைத்தது. ஒரு தலைவர் இறந்ததும் கடை அடைந்திருப்பதைப் பார்த்து "மக்கள் சோகத்தில் மூழ்கினர்" என்று பத்திரிகை எழுதும். பூட்டின கடைக்குப் பின்னால் என்ன இருந்தது என்று பூட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. 1987 டிசம்பர் 24-ல் எம்.ஜி.ஆர். இறந்தபோது கடைகள் சூறையாடப்பட்டன, சென்னை அண்ணா சாலையில் இருந்த கருணாநிதி சிலை உடைக்கப்பட்டது, பல உயிர்கள் போயின. 2000 பிப்ரவரி 2-ல், பக்கத்து மலையான கொடைக்கானலின் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை வந்த அன்றைக்கு, தருமபுரியில் பஸ்ஸை எரித்ததில் வேளாண் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் இறந்தார்கள். 2014 செப்டம்பரில் பெங்களூரு தீர்ப்பு வந்தபோதும் பஸ்கள் எரிந்தன. இந்தக் கணக்கெல்லாம் மனசில் இருக்கிறவர்கள்தான் 2016-ல் ஷட்டரை இறக்கினார்கள்.

ஆனால் நடந்தது வேறு. ஊர் எரியவில்லை. நள்ளிரவு தாண்டி அறிவிப்பு வந்தது: இரவு 11.30-க்கு உயிர் பிரிந்தது. ஒரு மணி சொச்சத்துக்கெல்லாம் ராஜ்பவனில் ஓ.பன்னீர்செல்வம் முதலமைச்சராகப் பதவி ஏற்றாகிவிட்டது. எங்கள் போடித் தொகுதி எம்.எல்.ஏ. தான். மறுநாள் ராஜாஜி ஹாலில் கூட்டம், சாயந்திரம் மெரினாவில் அடக்கம். கேரள அரசுகூட விடுமுறை விட்டது. பெரிய அசம்பாவிதம் எதுவும் இல்லை.

"ஜனங்க பக்குவப்பட்டுட்டாங்க" என்று அப்போது நிறையப் பேர் சொன்னார்கள். எனக்கு அது முழுசாக ஒப்பவில்லை. 1987-ல் அடுத்தது யார் என்பதே தெரியாமல் கட்சி இரண்டாக நின்றது. பிணத்துக்குப் பக்கத்திலேயே சண்டை, ஜெயலலிதாவைப் பீரங்கி வண்டியிலிருந்து தள்ளினார்கள். 2016-ல் ஜனங்கள் கண் விழிப்பதற்குள் நாற்காலி நிரம்பியிருந்தது, போலீஸ் ஒரு நாள் முன்னாடியே இறங்கியிருந்தது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருப்பதாக நினைக்கிறேன். அந்தத் துக்கம் ஏற்கெனவே 75 நாளாகச் செலவழிந்துகொண்டே வந்திருந்தது. செப்டம்பர் 22 ராத்திரி காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்று அப்போலோவில் சேர்த்தார்கள். அதிலிருந்து பால்குடம், மண்சோறு, யாகம். டிசம்பர் 5 மாலை ஐந்தரை மணி வாக்கில் சில சேனல்கள் இறந்துவிட்டதாகவே சொல்லி, ராயப்பேட்டை தலைமையகத்தில் கொடியை அரைக்கம்பத்துக்கு இறக்கி, ஆஸ்பத்திரி மறுத்ததும் திரும்ப ஏற்றினார்கள். ஒரே நாளில் இரண்டு தடவை ஒருவருக்காக அழ முடியாது.

இந்த 75 நாளில் ஒரு போட்டோகூட வெளியே வரவில்லை. அதைத்தான் நம் பக்கத்துக்காரர்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஏன் என்று விளங்க 1984-க்குப் போக வேண்டும்.

அந்த வருஷம் எம்.ஜி.ஆர். உடம்புக்கு முடியாமல் முதலில் அப்போலோவிலும் பிறகு நியூயார்க் புரூக்ளினிலும் இருந்தார். படுக்கையில் இருந்தபடியே எங்களுக்குப் பக்கத்துத் தொகுதியான ஆண்டிபட்டியில் நின்று ஜெயித்தார். அவர் உயிரோடு இல்லை என்ற வதந்தி அப்போதும் பலமாக ஓடியது. கட்சி என்ன செய்தது? ஆஸ்பத்திரியில் எம்.ஜி.ஆர். இருக்கிற காட்சியைப் படம் எடுத்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டியது. வதந்தி அடங்கியது. சினிமாவிலிருந்து வந்த கட்சிக்கு, கண்ணால் பார்த்தால்தான் ஜனம் நம்பும் என்பது தெரிந்திருந்தது.

அதே கட்சி 2016-ல் அதை மறந்துவிட்டது, அல்லது மறக்க வேண்டியிருந்தது. இட்லி சாப்பிட்டார், பேசினார் என்று அமைச்சர்கள் சொன்னார்கள். நவம்பர் இடைத்தேர்தல் படிவங்களில் கையெழுத்துக்குப் பதில் கைரேகை வந்தது. பார்க்கப் போன பெரிய பெரிய தலைவர்களெல்லாம் டாக்டர்கள் சொன்னதைத்தான் வெளியே வந்து சொன்னார்கள். பிறகு 2017 செப்டம்பரில், மதுரைக் கூட்டம் ஒன்றில், அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் இட்லி கதை பொய், நாங்கள் யாரும் பார்க்கவில்லை என்று மேடையிலேயே மன்னிப்புக் கேட்டார். அந்தக் காலத்தில் இதைவிடப் பெரிய அணுகுண்டு எதுவும் இல்லை என்பேன்.

நம் பக்கம் கேத வீட்டுக்குப் போய்வந்தவரிடம் முதலில் கேட்பது "முகம் பாத்தியா?" என்றுதான். வெளியூரில் இருக்கிற மகன் வரும்வரை பிணத்தை எடுக்காமல் வைத்திருப்பதும் அதற்காகத்தான். முகம் பார்க்காத சாவு முடியாத சாவு. ராஜாஜி ஹாலில் முகத்தைக் காட்டினார்கள், அது உண்மை. ஆனால் 75 நாள் மறைத்துவிட்டுக் கடைசியில் காட்டின முகத்தில் ஜனங்கள் தேடியது வேறு. கன்னத்தில் என்ன அடையாளம், எப்போது இறந்த உடம்பு என்றுதான் டீக்கடையில் பேச்சு ஓடியது.

இதற்கு நேர் எதிர் உதாரணம் 2018. கருணாநிதி காவேரி ஆஸ்பத்திரியில் இருந்த பதினொரு நாளில், வெங்கய்ய நாயுடுவும் ராகுல் காந்தியும் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கிற படங்கள் வெளிவந்தன. ஆகஸ்ட் 7-ல் இறந்தார். மெரினாவில் இடம் கேட்டு ராத்திரியோடு ராத்திரியாக ஹைகோர்ட்டுக்குப் போனார்கள், மறுநாள் காலையில் தீர்ப்பு வந்ததும் பொதுவெளியில் அழுதார்கள். சண்டை இடத்தைப் பற்றியது. எப்படி இறந்தார் என்பதில் யாரும் சந்தேகப்படவில்லை. 94 வயது என்பதும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை.

போடிக்கும் ஜெயலலிதாவுக்கும் உள்ள உறவு பழையது. 1989-ல் அவர் முதன்முதலில் எம்.எல்.ஏ. ஆனது இங்கேதான், சேவல் சின்னத்தில். எதிரே ஜானகி அணியின் இரட்டைப் புறாவில் வெண்ணிற ஆடை நிர்மலா. ஜானகி அம்மாள் ஆண்டிபட்டியில் தோற்றார். எம்.ஜி.ஆரின் வாரிசு யார் என்பதை முடிவு செய்தது ஒருவகையில் இந்த மேற்கு மலை அடிவாரம். பன்னீர்செல்வம் அப்போது எந்தப் பக்கம் இருந்தார் என்பதை அவருடைய எதிராளிகள் 2017-ல் தோண்டி எடுத்துத் திரும்பத் திரும்பச் சொல்லிக் காட்டியதும் ஞாபகம் இருக்கும்.

அதனால் இங்கே இருந்த உணர்ச்சி ஒரே நிறம் இல்லை. முல்லைப் பெரியாறில் 142 அடிக்கு 2014 மே 7-ல் சுப்ரீம் கோர்ட் அனுமதி தந்தபோது கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகளில் கட்சி பார்க்காமல் நன்றி சொன்னவர்கள் ஏராளம். லோயர் கேம்ப்பில் பென்னிகுவிக் மணிமண்டபத்தை 2013 ஜனவரியில் திறந்ததும் அவர்தான். அதே சமயம் சொத்துக்குவிப்பு வழக்கை மறக்காதவர்களும், தருமபுரியை மன்னிக்காதவர்களும் இதே தெருவில் இருந்தார்கள். அவர்கள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. மார்கரெட் தாட்சர் 2013-ல் இறந்தபோது பிரிட்டனில் தெருவில் பாட்டுப் பாடிக் கொண்டாடினார்கள். கோல்ட்தார்ப் என்ற சுரங்க ஊரில் அவருடைய உருவ பொம்மையை எரித்தார்கள். இங்கே அப்படி நடக்காது. "செத்தவங்களப் பத்தி என்னத்தப் பேச" என்று ஒதுங்கிவிடுவோம். அந்த ஒதுங்கலையும் சேர்த்துத்தான் டிவி "அஞ்சலி" என்று எண்ணிக்கொள்கிறது.

இன்னொரு எண்ணிக்கையும் உண்டு. அதிர்ச்சியில் இறந்தவர்கள் என்று அ.தி.மு.க. முதலில் 77 பேர் பட்டியல் வெளியிட்டது. சில நாளில் 280, பிறகு 470. குடும்பத்துக்கு 3 லட்சம் ரூபாய். எந்த மருத்துவரும் சரிபார்த்த பட்டியல் இல்லை இது, கட்சி தொகுத்தது. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டில் ஏழு கோடிக்கு மேல் ஜனம். ஆண்டுக்கு ஆயிரத்துக்கு ஆறு பேருக்குச் சற்று மேல் என்ற இறப்பு விகிதத்தில், யார் செத்தாலும் சாகாவிட்டாலும் ஒரு நாளைக்குச் சுமார் 1,200 பேர் இறப்பார்கள். அந்த வாரம் வீட்டுக்கு வீடு டிவி ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சுவலியில் இறந்த பெரியவர் கடைசியாகப் பார்த்தது அந்தச் செய்தியாகத்தான் இருந்திருக்கும். அந்தக் குடும்பம் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கே எது காரணம் என்று தெரிய வழியில்லை. அப்போது பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாசம்கூட ஆகவில்லை. காய் எடுக்கிற கூலியே கைக்கு வராத நேரம். 3 லட்சம் என்றால் என்ன என்று நினைத்துப் பாருங்கள். உண்மையிலேயே மனம் உடைந்து போனவர்களும் அந்தப் பட்டியலுக்குள் இருந்திருக்கலாம், யார் என்று பிரித்தெடுக்க முடியாதபடி.

சந்தேகம் அமைப்பாக மாறியதுதான் அடுத்த கட்டம், அதிலும் எங்கள் எம்.எல்.ஏ.தான் முன்னால். 2017 பிப்ரவரி 7 ராத்திரி மெரினா சமாதியில் முக்கால் மணி நேரம் போலக் கண்ணை மூடி உட்கார்ந்தார் பன்னீர்செல்வம், எழுந்து சசிகலாவுக்கு எதிராகப் பேசினார். அதற்கு முந்தின நாள்தான் லண்டன் டாக்டர் ரிச்சர்ட் பீல் சென்னையில் உட்கார்ந்து சிகிச்சையை விளக்கியிருந்தார். அந்த விளக்கத்தை யாரும் காதில் வாங்கவில்லை. விசாரணை வேண்டும் என்பது அணிகள் இணைவதற்கு நிபந்தனையாகி, ஆறுமுகசாமி ஆணையம் வந்தது. 2022 மார்ச்சில் ஆணையத்தின் முன் ஆஜரானபோது, தனக்குச் சந்தேகம் என்பதைவிட மக்களுக்கு இருக்கிற சந்தேகம் தீரத்தான் கேட்டதாகச் சொன்னார் பன்னீர்செல்வம். போடியில் இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. அந்தச் சந்தேகத்துக்கு மைக் கொடுத்ததே அவர்தானே!

சுப்ரீம் கோர்ட் அமைத்த எய்ம்ஸ் மருத்துவர் குழு, சிகிச்சையில் தவறு இல்லை என்றது. ஆணையமோ சசிகலா உள்ளிட்ட சிலரை விசாரிக்கச் சொன்னதோடு, இறந்தது 5-ஆம் தேதி இரவு அல்ல, 4-ஆம் தேதி பிற்பகல் என்று எழுதியது. 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைத்த அறிக்கை அது. இரண்டு அறிக்கை, இரண்டு தேதி. நான் மருத்துவர் குழு பக்கம் சாய்கிறேன். மருத்துவம் படித்தவர்கள் மருத்துவப் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னது அது. ஆனால் "அப்ப எந்தத் திதிக்கு சாமி கும்புடுறது?" என்று கேட்கிற ஒரு கட்சிக்காரருக்கு என்னிடம் பதில் கிடையாது.

இந்த மாதிரி வேறொன்றையும் எங்கள் பக்கம் பார்த்திருக்கிறோம். தேவாரம் பக்கத்தில் பொட்டிபுரத்தில் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் கட்ட 2015 ஜனவரியில் மத்திய அரசு அனுமதி தந்தது. அணுக்கழிவைக் கொட்டப் போகிறார்கள், அணைக்கு ஆபத்து என்று ஊரெல்லாம் பேச்சு. விஞ்ஞானிகள் மறுத்தார்கள். ஆனால் ஊருக்கு விளக்கம் வந்து சேர்வதற்கு முன்னாடியே வேலி வந்துவிட்டது. வேலிக்குப் பின்னால் என்ன என்று தெரியாதபோது ஜனங்கள் தாங்களே ஒன்றைச் சொல்லிக்கொள்வார்கள். நியூட்ரினோவின் ஆபத்து பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, அது தனிக் கட்டுரை.

2017 டிசம்பர் 20, ஆர்.கே. நகர் இடைத்தேர்தலுக்கு முந்தின நாள், ஜெயலலிதா படுக்கையில் உட்கார்ந்து ஜூஸ் குடிக்கிற வீடியோவை வெற்றிவேல் வெளியிட்டார். 1984-ல் காட்டின அதே மாதிரிக் காட்சி, ஒரு வருஷம் தாமதமாக. போடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று பார்த்தோம். யாரும் அழவில்லை. வீடியோ முடிந்ததும் மலையிலிருந்து இறங்கி வந்த ஜீப் டிரைவர் ஒருவர் போனைக் கையில் வாங்கி, திரும்ப முதலிலிருந்து ஓடவிட்டு, "ஜன்னலுக்கு வெளிய பாருங்க, இது எந்த மாசம் எடுத்தது?" என்று கேட்டார்.