டிப்பர் லாரியின் தொட்டியைத் தூக்கும் எண்ணெய்

புதுக்கோட்டைச் சீமையில் மண்ணைச் சற்றே அகழ்ந்தாலும் பல இடங்களில் பாறை தட்டுப்படும். குடுமியான்மலை, நார்த்தாமலை, சித்தன்னவாசல், திருமயம் என்று சொன்ன அளவிலேயே குன்றும் குடைவரையும் கோட்டையும் நம் கண்முன் வந்து நிற்கும். அன்று உளி கொண்டு கோயில் குடைந்த நிலத்தில் இன்று கிரஷர்கள் கருங்கல்லை ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் பொடித்துத் தருகின்றன. அவற்றை வீடு கட்டும் மனைக்கும் சாலை போடும் இடத்துக்கும் கொண்டு சேர்ப்பது டிப்பர் லாரி. அது விரைந்து ஓடுவதைப் பற்றிக் குறை கூறுவோர் பலர் உளர். அக்குறையில் நியாயமும் உண்டு. ஆயினும், ஓடி முடித்து நின்ற பின்னர், அது தன் தொட்டியைத் தூக்கிக் கொட்டுகிற சில நிமிடங்களில் நேரக்கூடிய ஆபத்தை நினைப்பவர் சிலரே. நேயர்களோடு இன்று அதனைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

தொட்டியைத் தூக்குவது எது? ஓட்டுநரைக் கேட்டால் ‘ஜாக்கி’ என்பார். ஜாக்கிக்கு வலிமை தருவது அதனுள் அடைபட்ட எண்ணெய். அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் விளக்கினார். 1795ஆம் ஆண்டில் பிராமா என்னும் ஆங்கிலேயர் அவ்வுண்மையைக் கொண்டு நீரழுத்தப் பொறி செய்து காப்புரிமை பெற்றார். வகுப்பில் இதனைக் காட்டப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. சிறிதும் பெரிதுமாக இரண்டு ஊசிக்குழல்களை ஒரு ரப்பர்க் குழாயால் இணைத்து, நீர் நிரப்பிச் சிறியதை ஒரு மாணவனும் பெரியதை மற்றொரு மாணவனும் அழுத்தச் செய்தால் போதும். சிறு குழலைப் பிடித்த மெலிந்த பையன், பெருங்குழலைப் பிடித்த வலியவனைத் தோற்கடிக்கும்போது எழும் சிரிப்பில், பாடம் தானே மனத்தில் பதிந்துவிடும்.

லாரியிலும் நடப்பது இதுவே. ‘பி.டி.ஓ.’ என்று வழங்கும் பற்சக்கர அமைப்பு கியர் பெட்டியிலிருந்து விசையை வாங்கிப் பம்பைச் சுழற்றுகிறது. பம்பு எண்ணெயை ஜாக்கிக்குள் தள்ளுகிறது. 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள தண்டின் முகப்பரப்பு ஏறத்தாழ 177 சதுர சென்டிமீட்டர். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 150 கிலோ அழுத்தம் கொடுத்தால், 26 டன்னுக்கு மேற்பட்ட பாரத்தைத் தூக்கும் விசை பிறக்கும். தொட்டியின் முன்புறத்தில் நிற்கும் ஜாக்கி ஒன்றனுள் ஒன்று அடங்கிய குழல்களால் ஆனது. முதலில் பருத்த குழல் எழும். பின்னரே மெலிந்தவை எழும். மேலே போகப் போக அதன் வலிமை குறைகிறதே என்று ஐயுற வேண்டா. தொட்டி சாயச் சாய, பாரமும் பின்புறக் கீலை நோக்கி நகர்ந்து விடுகிறது. ஆகவே தேவையான விசையும் குறைகிறது.

இங்கே ஒரு செய்தியை ஊன்றிக் கவனிக்க வேண்டும். இத்தகைய ஜாக்கி பெரும்பாலும் மேலே தள்ள மட்டுமே வல்லது. கீழே இறங்குவதற்குத் தொட்டியின் சொந்த எடையே போதும். வால்வைத் திறந்தால் எண்ணெய் தொட்டிக்கு அடியிலுள்ள தன் கலத்துக்குத் திரும்பிவிடும். எனவே உயர்ந்து நிற்கும் தொட்டியை அந்தரத்தில் தாங்குவது அடைபட்ட எண்ணெய் ஒன்றே. ஹோஸ் வெடித்தாலும், ஆயில் சீல் கிழிந்தாலும், அறியாச் சிறுவன் ஒருவன் ஓட்டுநர் அறையில் ஏறி லீவரைத் தட்டிவிட்டாலும், எண்ணெய் தனக்குக் கிடைத்த வழியே வெளியேறும், தொட்டி இறங்கும். அடியில் யார் இருக்கிறார் என்று அது பார்ப்பதில்லை.

எண்ணெயை நம்பித் தூக்கும் வண்டி டிப்பர் மட்டும் அன்று. பெருநகரங்களில் சில சரக்கு வண்டிகளின் பின்புறத்தில் ஒரு மேடை மடங்கி இருப்பதைக் காணலாம். குளிர்ப்பெட்டி, பீப்பாய் முதலியவற்றை ஏற்றி இறக்க அது தாழ்ந்தும் உயர்ந்தும் உதவும். பிரிட்டனில் 1998ஆம் ஆண்டு ஏற்பட்ட விதிகளின்படி, அத்தகைய தூக்கும் கருவிகளில் ஆள் ஏறுவதாயின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும், சரக்கு மட்டுமாயின் ஆண்டுக்கு ஒருமுறையும் தகுதி வாய்ந்தவர் முழுமையாக ஆய்வு செய்தல் வேண்டும். நம் நாட்டிலும் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மின்தூக்கிகளுக்கு ஆறு மாதம் என்றும், பாரம் தூக்கும் பொறிகளுக்குப் பன்னிரண்டு மாதம் என்றும் தவணை வகுத்தது. ஆனால் டிப்பரின் தொட்டியோ ஒரு நாளில் பலமுறை, பல ஊர்களில் தூக்கப்படுவது. அதற்கு நாள்தோறும் கண் வேண்டும். அந்தக் கண் ஓட்டுநருடையதே.

காலையில் புறப்படுமுன் பத்து நிமிடம் செலவிட்டால் போதும். எண்ணெய் அளவைத் தொட்டி கீழே இறங்கியிருக்கும்போதே பார்க்க வேண்டும். தூக்கி வைத்துப் பார்த்தால், ஜாக்கிக்குள் போன எண்ணெய் கணக்கில் வராது. குறைவென்று எண்ணி ஊற்றினால் இறக்கும்போது வழியும். எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று பொருள். நுரைத்திருந்தால் காற்றுப் புகுந்திருக்கிறது. தொட்டி குலுங்கிக் குலுங்கி ஏறுவதும் அதன் அறிகுறியே. ஹோஸில் வெடிப்பும் புடைப்பும் உண்டா என்று நோக்க வேண்டும். கசிவைத் தேடக் கையால் தடவுதல் கூடவே கூடாது. நுண்ணிய துளை வழியே பீறிடும் எண்ணெய் ஊசிபோல் தோலைத் துளைத்து உள்ளே சென்றுவிடும். மேலே ஒரு புள்ளி மட்டுமே தெரியும். வலியும் முதலில் பெரிதாக இராது. எனினும் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குச் சென்று அறுவைச் சிகிச்சை பெறாவிடில் விரலையே, ஏன், கையையே இழக்க நேரும். ஓர் அட்டைத் துண்டை நீட்டிப் பார்த்தால் கசிவு தானே தெரியும்.

நம் பகுதியில் கிரஷர்த் தூசு ஒரு தனிப் பகை. அது எண்ணெய்ப் பசையுள்ள தண்டில் ஒட்டிக்கொண்டு, இறங்கும்போது உப்புத்தாள் போல ஆயில் சீலைத் தேய்க்கிறது. ஆதலின் தண்டைத் துடைத்து வைப்பதும், வடிகட்டியைத் தவணை தவறாமல் மாற்றுவதும் வீண் செலவு அல்ல. கீலின் ஊசிகளுக்குக் கிரீஸ் இடுதல், சட்டத்தின் பற்றவைப்பில் விரிசல் பார்த்தல், பின்கதவின் கொக்கிகள் இருபுறமும் ஒருசேரத் திறக்கின்றனவா எனச் சோதித்தல் ஆகியவற்றை ஓட்டுநர்கள் நன்கு அறிவர்.

தொட்டிக்கு அடியில் கைவைத்து வேலை செய்ய நேரும்போது செய்ய வேண்டியவை வேறு. முதலாவது, தொட்டி காலியாக இருத்தல் வேண்டும். இரண்டாவது, வண்டியோடு அமைந்த இரும்பு முட்டைக் கொடுத்து, தொட்டியை அதன்மேல் அமர்த்த வேண்டும். மூங்கிலும் கட்டையும் முட்டாகா. மூன்றாவது, எஞ்சினை நிறுத்திச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். முட்டுக் கொடாமல் ஹோஸின் இணைப்பைத் தளர்த்துவது, தன் தலைக்கு மேலுள்ள தூணைத் தானே உருவுவதற்கு ஒப்பாகும். ‘ஒரு நிமிட வேலைதானே’ என்ற சொல்லைப் பட்டறைகளில் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் மனம் பதைக்கும்.

கொட்டும் தரை சமமாக இருத்தல் வேண்டும். புதிதாக மண் கொட்டி நிரப்பிய மனையில் ஒருபுறச் சக்கரம் அமிழ்ந்தால், உயர்ந்த தொட்டி அப்புறமே சாயும். ஈரமான எம்-சாண்டு ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றாலும் அதே விளைவுதான். அவ்வேளையில் வண்டியை முன்னே பாய்ச்சிச் சட்டென்று பிரேக் போட்டு உதறுவது நம் ஓட்டுநர்களிடம் காணும் கெட்ட வழக்கம். தொட்டியை இறக்கிவிட்டு, ஒட்டியதைத் தளர்த்திய பின்னரே மீண்டும் தூக்குதல் தகும். கொட்டி முடித்ததும் தொட்டியை இறக்கிப் பி.டி.ஓ.வை விடுவித்துவிட்டே புறப்பட வேண்டும். இல்லையேல் ஓடும் வண்டியில் தொட்டி மெல்ல எழும் அபாயம் உண்டு.

இறுதியாக மின்கம்பி. 17 அடி நீளமுள்ள தொட்டி 45 பாகை சாய்ந்தால் அதன் முன்முனை 12 அடி எழும். தரையிலிருந்து கீல் நிற்கும் 4 அடியைக் கூட்டினால் 16. முன்சுவரின் உயரத்தையும் சேர்த்தால் 18 அடியைத் தாண்டும். 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளில், தெருவைக் குறுக்கிடும் தாழ்ந்த அழுத்தக் கம்பிக்குக் குறைந்த உயரம் 5.8 மீட்டர், அதாவது 19 அடி. தெருவை விட்டு விலகி வயலிலும் தோட்டத்திலும் செல்லும் 11,000 வோல்ட் வரையிலான உறையில்லாக் கம்பிக்கோ 4.6 மீட்டரே, அதாவது 15 அடியே. அவ்விதிகளுக்குப் பதிலாக 2010இல் வந்த ஒழுங்குமுறைகளும் இவ்வளவுகளையே மேற்கொண்டன. கணக்கு விளங்குகிறதன்றோ? விதிப்படி சரியாகக் கட்டிய கம்பியே வயலோரத்தில் தொட்டிக்கு எட்டிவிடும். கிணற்று மேட்டிலோ வீட்டு மனையிலோ ஜல்லி கொட்டச் சொல்லுகிறவர், இடத்தைக் காட்டுமுன் ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். ஓட்டுநருக்கு அவ்வூர் புதிது.

தொட்டி கம்பியில் பட்டுவிட்டால் ஓட்டுநர் இறங்கலாகாது. ஒரு கால் தரையிலும் ஒரு கை வண்டியிலும் இருக்கும் அந்த நொடியில்தான் மின்சாரம் உடலின் வழியே பாயும். தொட்டியை இறக்க முடிந்தால் இருந்த இடத்திலிருந்தே இறக்கலாம். இயலாதெனில் உள்ளேயே அமர்ந்து, யாரும் அணுகாதபடி குரல் கொடுத்து, மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்தும் வரை பொறுத்திருக்க வேண்டும். வண்டி தீப்பற்றி, இறங்கியே ஆக வேண்டுமானால், எதையும் தொடாமல் இரு கால்களையும் சேர்த்துக் குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் சிறு சிறு துள்ளலாக விலகிச் செல்ல வேண்டும்.