நீலத் திரையைக் கண்டு நிலைகுலைய வேண்டாம்



ஓர் இரவு இஷாத் தொழுகை முடிந்து அக்குறணையிலுள்ள வீட்டுக்கு வந்தபோது என் மகள் கண்கலங்கி நின்றாள். அன்று மாலைதான் வீட்டு லெப்டொப்பை விண்டோஸ் 10 இலிருந்து விண்டோஸ் 11 க்கு மாற்றியிருந்தேன். இப்போது அது நீலத் திரையைக் காட்டுவதும், அணைவதும், மீண்டும் எழும்புவதுமாக இருந்தது. மகளின் பாடக் குறிப்புகளும், மனைவியின் தையல் கணக்கும், மறைந்த என் உம்மாவின் குரல் பதிவும் அதற்குள்தான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. பிழை என்னுடையதே.

மறுநாள் கண்டி நகரில் ஒரு கடைக்குக் கொண்டு சென்றேன். "எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்" என்றார்கள். உம்மாவின் குரலை நினைத்தபோது மனம் ஒப்பவில்லை. திரும்பி வந்து, கணனி கற்பிக்கும் உறவினர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். அன்று அவரிடம் கற்றதையே உங்களுக்குச் சொல்கிறேன்.

"பழையதையே வைத்துக்கொண்டால் என்ன?" என்று நீங்கள் கேட்கலாம். விண்டோஸ் 10 க்கான வழமையான இலவசப் பாதுகாப்புச் சேவை 2025 ஒக்டோபர் 14 இல் முடிந்துவிட்டது. கணனி ஓடும், ஆனால் பூட்டுப் பழுதான வீடு போலத்தான். ஆகவே மாற்றுவது நல்லது. அவசரப்படுவதுதான் கூடாது.

மாற்றியதும் ஏன் சில கணனிகள் படுத்துவிடுகின்றன? திரை, ஒலி, பிரிண்டர் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 'டிரைவர்' என்ற சிறு மென்பொருள் உண்டு. அது ஒரு மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதிய எஜமானின் பேச்சு பழைய மொழிபெயர்ப்பாளருக்குப் புரியாவிட்டால் வேலை குழம்பும். கணனியின் ஆழத்தில் இயங்கும் ஒரு சிறு கோப்புப் பிழைத்தாலும் முழுக் கணனியும் விழும். 2024 ஜூலை 19 இல் ஒரு பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பினால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணனிகள் இப்படித்தான் விழுந்தன. விமானங்கள்கூட நின்றன. அந்த ஒரு கோப்பை நீக்கியதும் அவை எழுந்தன.

உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் செய்ய வேண்டியவை:

1. திரையில் தோன்றும் பிழைக் குறியீட்டைக் கைத்தொலைபேசியில் படம் பிடியுங்கள். விண்டோஸ் 11 இன் புதிய பதிப்புகளில் அத்திரை கறுப்பாகவும் வரலாம்.

2. பிரிண்டர், பென் டிரைவ் முதலிய வெளி இணைப்புகளைக் கழற்றிவிட்டு மீண்டும் போட்டுப் பாருங்கள்.

3. அப்படியும் எழும்பாவிட்டால், எழும்பத் தொடங்கும்போதே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் பழுதுபார்க்கும் திரை வரும். அதில் ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று சென்று 4 ஐ அழுத்துங்கள். இதுவே 'சேஃப் மோட்'. அவசியமான டிரைவர்கள் மட்டுமே இதில் இயங்கும். சில கணனிகள் 48 இலக்கத் திறவெண் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும்.

4. சேஃப் மோடில் கணனி ஒழுங்காக நின்றால், முதலில் முக்கியமானவற்றைப் பென் டிரைவில் பிரதி எடுங்கள். திருத்துவது பிறகு. நாங்கள் உம்மாவின் குரலைத்தான் முதலில் எடுத்தோம். அதன்பின் பழைய திரை டிரைவரை நீக்கி, லெப்டொப்பைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து புதியதைப் போட்டோம். அதோடு கோளாறு நின்றது.

5. சேஃப் மோடிலும் விழுந்தால், நினைவகம், ஹார்ட் டிஸ்க், சூடு ஆகியவற்றைச் சந்தேகியுங்கள். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து டிஸ்க்கை வதைக்காமல், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

6. மாற்றி 10 நாட்களுக்குள் என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரிக்கவரி, 'கோ பெக்' வழியாகப் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். உங்கள் கோப்புகள் இருக்கும். மாற்றிய பின் போட்ட மென்பொருள்கள் போய்விடும்.

இனி மாற்றவிருக்கும் சகோதரிகளுக்கு ஒரு சொல். விண்டோஸ் 11 க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும், 64 ஜிபி சேமிப்பிடமும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், அது ஏற்றுக்கொள்ளும் புரொசசரும் வேண்டும். இல்லாத கணனியில் குறுக்கு வழியில் திணிக்காதீர்கள். நம் மலைநாட்டில் பின்னேர இடியும் மின்வெட்டும் புதிதல்ல. வானம் தெளிந்த நாளில், பற்றரி நிறைந்திருக்கும்போது, சார்ஜரையும் மாட்டிக்கொண்டு தொடங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன் பிரதி எடுங்கள். 2023 இல் நம் நாட்டு அரச மின்னஞ்சல் சேவை இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் மீளப் பெற முடியாமல் போயின. அக்காலத்துக்குரிய பிரதி இல்லை என்பதே காரணம். அரசாங்கத்துக்கே அந்த நிலை என்றால் நம் வீட்டு அலுமாரி மேலிருக்கும் லெப்டொப் எம்மாத்திரம்?

கடையில் கொடுக்க நேர்ந்தால், முடிந்தவரை குடும்பப் படங்களை முன்பே வேறிடத்துக்கு மாற்றி நீக்கிவிடுங்கள். இயலாவிட்டால் வீட்டவர் ஒருவர் உடனிருந்து திருத்தி எடுப்பது நலம். அந்தப் படங்களும் நம்மிடமுள்ள அமானிதமே.

உம்மாவின் குரல் இப்போது மூன்று இடங்களில் இருக்கிறது. உங்கள் வீட்டில் எத்தனை இடங்களில் இருக்கிறது? இன்றே பாருங்கள்.