ஹேஷ்டேக் யாரை அசைக்கிறது?

2014 மே 7. வெள்ளை மாளிகையில் மிஷேல் ஒபாமா ஒரு தாளைப் பிடித்தபடி நிற்கும் படம் ட்விட்டரில் வெளியானது. தாளில் ‘பிரிங் பேக் அவர் கேர்ள்ஸ்’ என்று கையால் எழுதியிருந்தது. நைஜீரியாவின் சிபோக் பள்ளி விடுதியிலிருந்து 276 மாணவிகளை போகோ ஹராம் தீவிரவாத அமைப்பு கடத்திச் சென்று மூன்று வாரம் கடந்திருந்தது.

முழக்கம் வாஷிங்டனில் பிறந்ததல்ல. முன்னாள் அமைச்சர் ஒபி எசெக்வெசிலியின் மேடைப் பேச்சைக் கேட்ட அபுஜா வழக்கறிஞர் ஒருவர் ட்விட்டரில் போட்டது. பெண்கள் அபுஜா வீதியில் இறங்கிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது.

பார்த்து என்ன நடந்தது? அமெரிக்க உளவு விமானங்கள் தேடின. அதிபர் குட்லக் ஜோனாதனுக்கு நெருக்கடி முற்றியது. 2015 தேர்தலில் தோற்றார். ஆனால் மாணவிகளை வைத்திருந்த போகோ ஹராமுக்கு ஓட்டுப் பயமும் இல்லை, கெட்ட பெயர் பற்றிய கவலையும் இல்லை. 2016 அக்டோபரில் 21 பேரும், 2017 மே மாதம் 82 பேரும் மீண்டது திரைமறைவுப் பேச்சுவார்த்தையால். சுவிட்சர்லாந்தும் செஞ்சிலுவைச் சங்கமும் நடுவில் நின்றன. பத்து ஆண்டுக்குப் பின்னும் 80-க்கும் மேற்பட்டோர் வீடு திரும்பவில்லை.

கென்யாவின் கதை வேறு.

2024 நிதி மசோதா ரொட்டிக்கும் 16 சதவீத வாட் வரி போடப் பார்த்தது. ‘ரிஜெக்ட் ஃபைனான்ஸ் பில்’ ஹேஷ்டேக்கோடு இளைஞர்கள் மசோதாவின் பிரிவுகளை டிக்டாக்கில் உள்ளூர் மொழிகளில் விளக்கினார்கள். எம்.பி.க்களின் செல்போன் எண்களைப் பரப்பினார்கள். அழைப்புகளும் மெசேஜ்களும் குவிந்தன. ரொட்டி வரியை அரசு கைவிட்டும் கூட்டம் கலையவில்லை. ஜூன் 25-ல் மசோதா நிறைவேறியதும் போராட்டக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். போலீஸ் சுட்டது. மறுநாளே அதிபர் வில்லியம் ரூட்டோ கையெழுத்திட மறுத்தார்.

மேற்குலகம் அப்போது ரூட்டோவுடன்தான் கைகுலுக்கிக்கொண்டிருந்தது. மே மாதம் அன்றைய அமெரிக்க அதிபர் பைடன் அவருக்கு வெள்ளை மாளிகையில் விருந்து வைத்தார். ஜூன் 24-ல் கென்யாவை நேட்டோவுக்கு வெளியே உள்ள முக்கியக் கூட்டாளியாக அறிவித்தார். வரி வருவாயைக் கூட்டச் சொல்லிக்கொண்டிருந்தது ஐ.எம்.எஃப். துப்பாக்கிச் சூட்டுக்குத் தூதரகங்கள் கவலை தெரிவித்தன. மசோதாவை வீழ்த்தியவர்கள் நைரோபி இளைஞர்கள்.

ஆக, வெளிநாட்டுப் பிரபலத்தின் பதிவு செய்தியைப் பெரிதாக்கும். அரசைப் பணிய வைப்பது, அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடப்போகிறவர்களின் கோபம். அதற்கும் விலை உண்டு: அந்தப் போராட்டங்களில் குறைந்தது 60 பேர் இறந்ததாக கென்ய தேசிய மனித உரிமை ஆணையம் கணக்கிட்டது. வீதி அடங்கிய பின், அதே டிசம்பரில், கைவிட்ட வரிகளில் சிலவற்றை ரூட்டோ அரசு வேறொரு சட்டத்தின் வழியே திரும்பக் கொண்டுவந்தது.