குல்மார்க்கில் '35 செ.மீ. புதுப் பனி': குஷியா, எச்சரிக்கையா?

லீவு கிடைச்சாச்சு, ஸ்ரீநகர் ஃபிளைட் டிக்கெட் போட்டாச்சு, தெர்மல் வாங்கியாச்சு. குல்மார்க்கில் முதல் நாள் காலை திரையை விலக்கினால், ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. ராத்திரி முழுக்கக் கொட்டிய பனி நின்று, வானம் பளிச்சென்று நீலமாக இருக்கிறது. அப்போது ஸ்கீ கைடிடமிருந்து ஒரு மெசேஜ் வருகிறது:

'கீழே மைனஸ் 4, மேலே மைனஸ் 12. கடந்த 24 மணி நேரத்தில் புதுப் பனி 35 செ.மீ. இரவில் மேலே தென்மேற்குக் காற்று, மணிக்கு 45 கி.மீ. இரண்டாம் கட்ட கண்டோலா: காத்திருப்பில். பனிச்சரிவு ஆபத்து: நிலை 3.'

இது மாதிரிக்காக நாம் எழுதிய ரிப்போர்ட்தான். ஆனால் ஸ்கீ சீசனில் மலையில் தினமும் காலையில் சுற்றும் தகவல் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். முதல்முறை போகிறவர்கள் இதில் இரண்டு எண்களை மட்டும் பார்ப்பார்கள்: எவ்வளவு குளிர், எத்தனை செ.மீ. பனி. மலையோடு பழகியவர்களின் கண் கடைசி மூன்று தகவல்களுக்குத்தான் முதலில் போகும். ஏன்?

ஒரே ஊர், இரண்டு வானிலை

குல்மார்க் புல்வெளி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கண்டோலா எனும் கேபிள் கார் இரண்டு கட்டமாக மேலே போகிறது. 1998-ல் திறக்கப்பட்ட முதல் கட்டம் கோங்தூரி வரை. 2005-ல் வந்த இரண்டாம் கட்டம் அபர்வாட் மலையின் தோள்பட்டைவரை, சுமார் 3,950 மீட்டருக்கு ஏற்றிவிடும். அதாவது காபி குடித்துவிட்டுக் கிளம்பியவர், கொஞ்ச நேரத்தில் 1,300 மீட்டர் உயரத்தில் போய் நிற்கிறார்.

ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். கீழே மைனஸ் 4 என்றால் மேலே மைனஸ் 12 என்பது இந்தக் கணக்குதான். போன் ஆப்பில் 'குல்மார்க்' என்று தேடினால் வரும் எண் பெரும்பாலும் கீழே இருக்கும் ஊருக்கானது. மலை உச்சிக்கு அதை அப்படியே நம்பக் கூடாது.

காற்று சேர்ந்தால் கதையே வேறு. மைனஸ் 12 டிகிரியில் மணிக்கு 45 கி.மீ. வேகத்தில் காற்றடித்தால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 24 போல இருக்கும். செல்ஃபி எடுக்கக் கையுறையைக் கழற்றி ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், புரியும். வேண்டாம், பார்க்காதீர்கள்.

பனி எங்கிருந்து வருகிறது?

நவம்பர் வந்தால் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகிறதா என்று நாம் பார்ப்பதுபோல, காஷ்மீரில் குளிர்காலத்தில் எல்லோரும் மேற்கே பார்ப்பார்கள். மத்திய தரைக்கடல் பக்கம் உருவாகி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக மேல்மட்டக் காற்றோடு நகர்ந்துவரும் 'மேற்கத்திய இடையூறு'தான் இமயமலைக்குப் பனியைக் கொண்டுவருகிறது. பீர் பஞ்சால் மலைத்தொடரில் மோதி மேலே ஏறும் ஈரக்காற்று குளிர்ந்து, பனியாகக் கொட்டுகிறது.

டிசம்பர் 21 தொடங்கி 40 நாட்களைக் காஷ்மீரிகள் 'சில்லை கலான்' என்பார்கள். கடுங்குளிர்க் காலம். அதன்பின் 20 நாள் 'சில்லை குர்த்', 10 நாள் 'சில்லை பச்சா'. முதல் 40 நாளில் விழும் பனிதான் நின்று நிலைக்கும் என்பது அங்கே அனுபவப் பாடம். பிப்ரவரி கடைசியில் விழுவது சீக்கிரம் கரைந்துபோகும்.

ஆனால் இடையூறு நேரத்துக்கு வராவிட்டால்? 2024 ஜனவரியில் அதுதான் நடந்தது. சீசன் உச்சத்தில் குல்மார்க் சரிவுகள் காய்ந்த புல்லோடு பழுப்பாகக் கிடந்த படங்கள் நாடு முழுவதும் சுற்றின. மாதக் கடைசியில்தான் பனி வந்தது. 2025-ல் பிப்ரவரியில் குல்மார்க்கில் நடக்க வேண்டிய கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள், போதிய பனி இல்லாததால் தள்ளிவைக்கப்பட்டு மார்ச் 9 முதல் 12 வரை நடந்தன. நமக்கு அது ஒரு ட்ரிப் சொதப்பல். ஸ்லெட்ஜ் இழுப்பவர், குதிரைக்காரர், ஸ்கீ வாடகைக்கு விடுபவர், கைடு ஆகியோருக்கு அது வருடத்தின் சம்பாத்தியம்.

செ.மீ. கணக்கில் ஒரு சின்னக் குழப்பம்

ஆப் சில சமயம் '20 மி.மீ. மழைப்பொழிவு' என்று காட்டும். பார்த்தவுடன் 'இவ்வளவுதானா' என்று தோன்றும். அது பனியை உருக்கினால் கிடைக்கும் தண்ணீரின் அளவு. பொதுவாக 1 மி.மீ. தண்ணீருக்கு 1 செ.மீ. பனி என்பது தோராயக் கணக்கு. குளிர் அதிகமாகி பனி உலர்ந்து விழுந்தால், அதே 20 மி.மீ. 30 செ.மீ.கூட ஆகலாம். ஸ்கீ ஆட்கள் 'பவுடர்' என்று உருகுவது இந்த உலர்ந்த, காற்று நிறைந்த பனியைத்தான்.

புதுப் பனியை அளப்பது எளிமையான வேலை. காற்று அதிகம் படாத இடத்தில் ஒரு வெள்ளைப் பலகை வைத்து, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்துவிட்டுத் துடைத்துவிடுவார்கள். மொத்தப் பனி ஆழம் வேறு கணக்கு. நேற்று 100 செ.மீ. இருந்தது, இன்று 35 விழுந்தது, ஆகவே 135 என்று கூட்ட முடியாது. பனி தன் எடையிலேயே அமுங்கும்.

இன்னொன்று: பலகை இருப்பது காற்று படாத இடத்தில். மலை அப்படி இல்லை.

காற்றுதான் உண்மையான வில்லன்

மணிக்கு 25-30 கி.மீ. வேகம் வந்தாலே காற்று உலர்ந்த பனியை அள்ளிக்கொண்டு போகத் தொடங்கிவிடும். மலை முகட்டின் ஒரு பக்கத்தைச் சுரண்டி, மறுபக்கத்தில் கொட்டும். தென்மேற்கிலிருந்து காற்று அடித்தால், வடகிழக்குச் சரிவில் பனி குவியும். ரிப்போர்ட்டில் 35 செ.மீ. என்று இருக்கும், முகட்டுக்குக் கீழே அந்தச் சரிவில் ஒரு மீட்டர்கூட இருக்கலாம்.

அப்படிக் குவியும்போது பனித்துகள்கள் உடைந்து நெருக்கமாகப் படிந்து, ஒரு பலகைபோல இறுகிவிடும். மேலே பார்த்தால் மிருதுவாக, அழகாகத்தான் இருக்கும். கீழே வலுவில்லாத அடுக்கு ஒன்று இருந்தால், அந்தப் பலகை மொத்தமாக வழுக்கக் காத்திருக்கிறது என்று அர்த்தம். பாரம் கூட வேண்டாம், ஒரு ஸ்கீயரின் எடை போதும். விரிசல் சரசரவென ஓடி, அவர் நிற்கும் இடத்துக்கு மேலேயே சரிவு உடையும். உயிரைப் பறிக்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். பாதிக்கப்பட்டவரோ அவருடன் வந்தவரோதான் பெரும்பாலும் அதைக் கிளப்பிவிட்டவராகவும் இருப்பார்.

30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகளில் இது அதிகம் நடக்கும். ஸ்கீ விளையாட ஆசை தூண்டுவதும் அதே சரிவுகள்தான். சிக்கலே அங்கேதான்.

வலுவில்லாத அடுக்கு எப்படி வருகிறது? பனி குறைவாகப் பெய்து, வானம் தெளிந்து, கடும் குளிர் பல நாள் நீடித்தால், தரையின் இளஞ்சூட்டுக்கும் மேலே உள்ள குளிருக்கும் இடையே மாட்டிய மெல்லிய பனி, சர்க்கரைபோலப் பொலபொலவென்று மாறிவிடும். ஒன்றோடொன்று ஒட்டாது. பின்னால் பெரும் பனி கொட்டினால், அந்தச் சர்க்கரைமேல் கனமான மெத்தை போட்டதுபோல் ஆகிவிடும். ஆக, 'இந்த வருஷம் பனியே குறைவு, பனிச்சரிவு பயம் இல்லை' என்பது தலைகீழான கணக்கு. வறண்ட தொடக்கம், பிறகு திடீர்ப் பனி என்ற வரிசைதான் கவலைக்குரியது. 2024-ல் ஜனவரி வறட்சிக்குப் பின் பனி வந்தது. பிப்ரவரி 22 அன்று குல்மார்க்கின் மேல்சரிவுகளில் நடந்த பனிச்சரிவில் ரஷ்யர் ஒருவர் இறந்தார். அந்த ஒரு சரிவுக்கு இதுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அப்படியொரு சீசனில் கைடுகள் ஏன் மண்வெட்டியால் பனியில் குழிதோண்டி அடுக்கு அடுக்காகப் பார்க்கிறார்கள் என்பது இதனால் புரியும்.

அதற்கு முந்தைய வருடம், 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வாட்டில் நடந்த சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். 2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க்கில் 17 ராணுவ வீரர்கள் பலியானார்கள். அவர்கள் குல்மார்க்கில் உள்ள ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியில் பயிற்சியில் இருந்தவர்கள். பனிமலைக்கென்றே பயிற்சி பெறுபவர்களுக்கும் மலை சலுகை காட்டவில்லை.

'நிலை 3' என்றால் பாதிதானே?

5-க்கு 3. பாஸ் மார்க்தானே என்று தோன்றும். சர்வதேச அளவுகோலில் 1 குறைவு, 2 மிதமானது, 3 கணிசமானது, 4 அதிகம், 5 மிக அதிகம். ஒவ்வொரு படிக்கும் ஆபத்து சமமாக ஏறாது, தாவித்தாவி ஏறும். உலகில் பல மலைப்பகுதிகளில் அதிக உயிரிழப்புகள் பதிவாவது 3-ல்தான். 4, 5 என்றால் எல்லோரும் அறையிலேயே இருந்துவிடுவார்கள். 3 என்றால் 'பார்த்துக்கலாம்' என்று கிளம்புவார்கள்.

இந்தியாவில் பனிச்சரிவு முன்னறிவிப்பைக் கணிப்பது டிஆர்டிஓவின் கீழ் சண்டிகரில் இயங்கும் டிஜிஆர்இ. முன்பு 'சாசே' என்று அறியப்பட்ட அமைப்பு 2020-ல் இதில் இணைந்தது. அவர்கள் தரும் தகவலை வைத்து ஜம்மு காஷ்மீர் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாவட்டவாரியாக எச்சரிக்கை விடும்: இந்த மாவட்டத்தில், இத்தனை மீட்டருக்கு மேல், அடுத்த 24 மணி நேரத்துக்கு, இந்த அளவு ஆபத்து என்று. குல்மார்க் இருப்பது பாராமுல்லா மாவட்டம். அந்தப் பெயரைத்தான் தேட வேண்டும். மாவட்டம் முழுமைக்குமான எச்சரிக்கை அது. குறிப்பிட்ட சரிவைப் பற்றி அன்றன்றைக்குச் சொல்லக்கூடியவர்கள் உள்ளூர் ஸ்கீ ரோந்துக் குழுவும் கைடுகளும்தான்.

அப்போ போகலாமா, வேண்டாமா?

ஸ்கீ கற்றுக்கொள்ளப் போகிறவர்கள், ஸ்லெட்ஜில் சறுக்கி போட்டோ எடுக்கப் போகிறவர்கள் இருப்பது பெரும்பாலும் ஊரை ஒட்டிய சமமான புல்வெளியில். அவர்களுக்கு இந்த ரிப்போர்ட்டில் முக்கியம் கண்டோலா நிலவரமும் சாலையும்தான். பனி கொட்டிய நாளில் தங்மார்க்கிலிருந்து மேலே வரும் சுமார் 13 கி.மீ. சாலையில், டயரில் சங்கிலி கட்டிய வண்டிகளை மட்டுமே விடுவார்கள். ஸ்ரீநகர் விமானங்கள் ரத்தாவதும் சகஜம். திரும்பும் நாளுக்கு முன் ஒரு நாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கட்டம் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். உயரம் சட்டென்று ஏறுவதால் தலைவலி, மூச்சு வாங்கல் வரலாம். ஸ்ரீநகரில் இறங்கிய அன்றே மேலே ஓடாமல் இருப்பது நல்லது. அடுத்து, கண்ணாடி. புதுப் பனி சூரியனின் புற ஊதாக் கதிர்களில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். கூலிங் கிளாஸ் இல்லாமல் அரை நாள் சுற்றினால், ராத்திரி கண்ணில் மணல் விழுந்ததுபோல் எரியும்.

கயிறு கட்டிய எல்லையைத் தாண்டி பவுடர் தேடிப் போகிறவர்கள்தான் ரிப்போர்ட்டைக் கடைசி வரி வரை படிக்க வேண்டியவர்கள். கண்டோலாவை ஒட்டிய சரிவுகளில் ரோந்துக் குழுவின் கண்காணிப்பு உண்டு. எல்லைக்கு வெளியே அந்தப் பாதுகாப்பு இல்லை. கைடு, சிக்னல் அனுப்பும் டிரான்ஸீவர், புதைந்தவரைக் குத்தித் தேடும் நீளக் கம்பி, மண்வெட்டி. இவை கூட வருபவர் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். புதைந்த ஒருவரை முதல் 10-15 நிமிடத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதன்பின் அது வேகமாகச் சரியும். கீழே இருந்து மீட்புக் குழு வருவதற்குள் அந்த நேரம் முடிந்திருக்கும். தோண்டப் போவது பக்கத்தில் நிற்கும் நண்பர்தான்.

நம் மாதிரி ரிப்போர்ட்டுக்கே வருவோம். நீல வானம், 35 செ.மீ. புதுப் பனி, இரவெல்லாம் தென்மேற்குக் காற்று, நிலை 3. இன்ஸ்டாவுக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது. கைடு இன்று முதல் கட்டத்தோடு நிறுத்திக்கொண்டு, மரங்களுக்கிடையே உள்ள மெதுவான சரிவுகளுக்குக் கூட்டிப்போவார். 'சார், மேலே கல்' என்பார். கல் என்றால் இந்தியில் நாளை.