கடுகெண்ணெய்ச் சூடும் நான்ஸ்டிக் சட்டியும்

உங்களுக்குத் தெரியுமா?

கொல்கத்தாவின் காளிகாட் வீடுகளில் மீன் வறுக்குமுன் கடுகெண்ணெயைப் புகை எழும்வரை காய்ச்சுவது வழக்கம். அப்போதுதான் அதன் நெடி அடங்கும். அந்த எண்ணெய் ஏறக்குறைய 250 டிகிரி செல்சியஸில் புகையத் தொடங்கும். நான்ஸ்டிக் பூச்சான டெஃப்லானோ 260 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். இடைவெளி பத்தே டிகிரி! 1938-இல் அமெரிக்க வேதியியலாளர் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த பொருள்தான் டெஃப்லான். 1954-இல் பிரான்சின் மார்க் கிரெகுவார் அதை அலுமினியத்தில் பூச வழி கண்டார்.

இடைவெளி இவ்வளவு குறைவு என்பதால் கடுகெண்ணெய் வறுவலுக்கு இரும்புக் கடாய்தான் சரி. பக்கத்து லேக் மார்க்கெட்டில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களின் ஆம்லெட்டுக்கும் அடைக்கும் மிதமான தீயில் நான்ஸ்டிக் நன்றாகவே உழைக்கும். வெறும் சட்டியைப் பெருந்தீயில் விடாதீர்கள். சில நிமிடங்களில் 260-ஐத் தாண்டிவிடும். சூட்டோடு சூடாகத் தண்ணீர் ஊற்றினால் அடிப்பகுதி வளைந்து பூச்சு கெடும். மரக்கரண்டியால் கிளறுங்கள், கம்பி நாரைத் தொடாதீர்கள், அடுக்கும்போது இடையில் துணி வையுங்கள்.

வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்ப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்: அளவு மீறிச் சூடேறிய டெஃப்லானின் புகை பறவைகளைக் கொன்றுவிடும்.